ஒரு வீட்டுக்குப் புத்தகம் கொடுப்பது எப்படி

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு இளைஞர்கள் வருகிறார்கள். புந்தோங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வருகிறார்கள். பத்து காஜா, தாப்பா, பீடோர் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். சிலர் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்கள். சிலர் படிப்பை முடித்து ஊர் திரும்பியவர்கள். தன் பிள்ளைக்குப் புத்தகம் தேடப் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட தாய்மாரும் உண்டு. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த விளையாட்டு வைக்கலாம், ஒரு பட்டியல் கொடுங்கள்.

தோட்டப் பள்ளியிலும் பிறகு ஈப்போ நகரத்திலும் வேலை பார்த்த காலமெல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்த வேலை, வீடுகளுக்குப் புத்தகமும் விளையாட்டும் தேர்ந்து கொடுப்பதுதான். பட்டியலை மகிழ்ச்சியோடு தருகிறேன். அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. பிள்ளையை விசாரிப்பதற்கு முன் வீட்டை விசாரியுங்கள்.

எத்தனை வயது, எத்தனாம் ஆண்டு என்று கேட்டுவிட்டு உடனே ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். பள்ளி விட்டு வந்த பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குக் காலை ஷிஃப்டா, இரவு ஷிஃப்டா? பாட்டி கூட இருக்கிறாரா, அவருக்கு எழுத்து தெரியுமா? வீட்டில் பேசுவது தமிழா, பாதித் தமிழும் பாதி மலாயுமா? தம்பி தங்கைகள் எத்தனை பேர்? பாய் விரித்து நான்கு பேர் உட்கார இடம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் எந்தப் புத்தகம் என்று சொல்ல முடியும்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தனியறையும் இல்லை, படிக்கும் விளக்கும் இல்லை. கூடத்தில் ஒருவர் தொலைக்காட்சி பார்ப்பார், ஒருவர் துணி மடிப்பார், நடுவில் பிள்ளை புத்தகத்தோடு இருப்பான். அந்தப் புத்தகத்தை அக்காள் எட்டிப் பார்ப்பாள், தம்பி பிடுங்குவான், பாட்டி என்ன படம் அது என்று கேட்பார். இதைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுத்த புத்தகம் பிள்ளையைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது என்பதற்கு அடையாளம் இது. அப்படிப் போகக்கூடிய புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

தோட்டத்தில் வாசிப்பு என்றைக்கும் கூட்டத்தோடுதான் நடந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' கடைக்கு ஒரு பிரதி வரும். எழுத்து தெரிந்தவர் ஒருவர் வாசிப்பார், வெட்டுமரத்திலிருந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகை, பாடம் சொன்னவர் கொஞ்சம் படித்திருந்த ஒரு கிராணி அல்லது கங்காணி. அப்படிப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. தோட்டமே இல்லாத இடத்திலும் பள்ளியின் பெயரில் 'லாடாங்' மட்டும் நிற்கிறது. ஆனால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் பழக்கம் வீடுகளில் இன்னும் முழுதாகச் சாகவில்லை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

2. கொடுக்கும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை நீங்கள் வாசித்திருக்க வேண்டும்.

அட்டையைப் பார்த்தும், விருது பெற்றது என்று கேள்விப்பட்டும் கொடுக்காதீர்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா' மெலிந்த புத்தகம், பள்ளிச் சிறுமியின் கதை. மெலிதாக இருக்கிறதே என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் அதன் முடிவு அந்தப் பிள்ளையை உலுக்கிவிடும். அது முதலில் ஆசிரியர்கள் வாசிக்க வேண்டிய புத்தகம். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆசிரியரும் வாசிக்க வேண்டும் என்பேன். கேள்வி கேட்கிற பிள்ளையை வகுப்பறை என்ன செய்துவிடக்கூடும் என்பதை அது நெஞ்சில் அடித்துச் சொல்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கொடுத்த அடுத்த வாரம் கூட உட்கார்ந்து பேசுங்கள்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றது. பிள்ளைகளின் உடல்மேல் பெரியவர்கள் வைக்கும் தவறான கையைப் பற்றிப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில், பயமுறுத்தாமல் சொல்கிறது. இதை அம்மாவிடம் கொடுங்கள். முதலில் அம்மா வாசிக்கட்டும், பிறகு மகளோடும் மகனோடும் சேர்ந்து வாசிக்கட்டும். நம் வீடுகளில் வாய்விட்டுப் பேச முடியாத ஒன்றைப் பேச வாசல் திறந்து கொடுக்கும் புத்தகம் இது. வாசித்த பிறகு ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்ல வந்தால், கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு அதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளித் தலைமையிடமோ சமூகநலத் துறையிடமோ கொண்டு போவது உங்கள் கடமை.

3. விளையாட்டிலிருந்து தொடங்குங்கள்.

புத்தகத்தைக் கண்டால் பின்வாங்கும் வீடுகள் உண்டு. படிக்கவில்லையே என்ற கூச்சம் பெரியவர்களுக்கு இருக்கும். அங்கே முதலில் ஒரு விளையாட்டை அனுப்புங்கள். பல்லாங்குழி மாதிரி வேறொன்று இல்லை. எழுத்து தெரியாத பாட்டி அதில் ஆசிரியராகிவிடுவார். எத்தனை காய் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணால் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அவர் குழியில் கை வைப்பார். பேரன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பான். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், அவனும் எண்ணாமலே கண்டுபிடிப்பான்.

மலாய் அண்டைவீட்டார் ஆடும் சொங்காக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பக்கத்துக்கு ஏழு குழி, இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி. அதை அவர்கள் வீடு என்பார்கள். சுற்றி வரும்போது ஒவ்வொரு முறையும் தன் வீட்டில் ஒரு காய் போட்டுக்கொள்ளலாம். நம் பல்லாங்குழியில் அந்த வீடு கிடையாது. குழியில் நான்கு காய் சேர்ந்தால் பசு என்று சொல்லி எடுத்துக்கொள்கிறோம். இரண்டு முறையையும் கற்றுக்கொடுங்கள். பலகை வாங்கப் பணம் இல்லை என்றால் முட்டை அட்டையை வெட்டினால் போதும். காய்க்குப் புளியங்கொட்டை இருக்கிறது. குன்றிமணி வேண்டாம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் நஞ்சு. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ரப்பர் கொட்டையைக் காயாக வைத்து ஆடியிருக்கிறோம், இரண்டு கொட்டைகளை உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி எது உடைகிறது என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். அதுவும் பச்சையாகத் தின்றால் நஞ்சுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இவை எதையும் கொடுத்தனுப்பாதீர்கள்.

அடுத்தது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, கோடுகள் சந்திக்கும் இருபத்து மூன்று இடம். சுண்ணக்கட்டியால் சிமெண்டுத் தரையில் வரைந்துவிடலாம். இதை நான் அப்பாக்களுக்கு என்றே வைத்திருப்பேன். லாரி ஓட்டிவிட்டு வரும் அப்பா கதை வாசிக்க உட்காரமாட்டார், புலியாக உட்காருவார். தனித்தனியாகப் பலமில்லாத ஆடுகள் நெருங்கி நின்றால் புலி நகர இடமில்லாமல் அடைபட்டுப் போகும். அந்த இரகசியத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பத்து ஆட்டம் தோற்ற பிறகு அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

தாயம், பரமபதம், ஐந்து கல், கேரம், சதுரங்கம் எல்லாம் நல்லவை. அரிசியோ பயறோ வைத்துத் தைத்த துணிப் பைகளில் ஐந்து கல் ஆடுவது மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் தாமானில் புதிதாகக் குடிவந்த பிள்ளைக்கு அது உடனே கூட்டாளி தேடித் தரும். காசு வைத்து ஆடுவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

விளையாட்டு அனுப்பிய வீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து அதே பையில் ஒரு புத்தகத்தையும் வைத்து அனுப்புங்கள். திரும்பி வராது என்று கவலைப்படாதீர்கள்.

4. வயதைப் பார்க்காதீர்கள், வாசிப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் ஆண்டில் இருந்துகொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கூட்டாளிகள் முன்னால் கூசிப்போவார்கள். தம்பிக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லிக் கொடுங்கள். அவன் தம்பிக்காக வாசித்துத் தானும் தேறிவிடுவான்.

5. சின்னப் பிள்ளைகளுக்கு ஓசையும் படமும்.

பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் காதுதான் முதல் கண். அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இன்றைக்கும் கெட்டுப்போகவில்லை. 1922இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்கு எழுதினார். நம் நாட்டில் முரசு நெடுமாறன் அதே தொண்டைச் செய்திருக்கிறார். அவருடைய பாடல்களில் நம் ஊர் வாசம் இருக்கும். பாடலை விளக்காதீர்கள், பாடுங்கள், கை தட்டுங்கள், எழுந்து ஆடவிடுங்கள்.

படப் புத்தகத்துக்குச் சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைத் தேடுங்கள். கடல் கடந்து வரும் புத்தகம் கைக்குக் கிடைக்க நாளாகும், விலையும் ஏறும். காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவிறக்கி, அச்செடுத்து, நடுவில் தைத்துக் கொடுக்கலாம். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. கைப்பேசியிலேயே காட்டுவதைவிடத் தாளில் கொடுப்பது மேல், ஏனென்றால் கைப்பேசி அம்மாவோடு வேலைக்குப் போய்விடும், தாள் வீட்டில் இருக்கும்.

வாசித்துக் காட்டும்போது படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துங்கள். அடுத்து என்ன என்று யாராவது கேட்கும்வரை திருப்பாதீர்கள்.

6. நம் ஊரின் முகம் தெரிகிற புத்தகங்கள் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் கதைகளில் வேப்பமரமும் ஏரிக்கரையும் பொங்கல் விடுமுறையும் வரும். பிள்ளைகள் அவற்றை விரும்பி வாசிப்பார்கள், வாசிக்கட்டும். ஆனால் எல்லாக் கதையும் வேறெங்கோ நடந்தால், கதை என்பது நமக்கு நடப்பதில்லை என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். சுங்கை பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகன் ஆசிரியராக இருந்துகொண்டே சிறுவர்களுக்கு எழுதுகிறவர். அவருடைய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' மர்மக் கதை. புத்தகம் வேண்டாம் என்று ஓடும் பையன்களுக்கு முதலில் அதைக் கொடுங்கள். கோலாலம்பூரில் ஜெயபக்தி, உமா பதிப்பகம் இரண்டையும் கேட்டால் வேறு உள்நாட்டுப் புத்தகங்களும் கிடைக்கும்.

அடுத்து, லாட். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோப்பேங் பக்கத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த மலாய்க்காரர். 1979இல் வெளிவந்த அவருடைய 'கம்போங் பாய்' ஈய வயலும் ரப்பர்த் தோட்டமும் ஆறும் சூழ்ந்த பேராக் கம்பத்தில் வளரும் ஒரு பையனின் கதை. படமும் எழுத்தும் கலந்தது, உலகம் முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டது. அதன் தொடர்ச்சியான 'டவுன் பாய்' நம் ஈப்போவிலேயே நடக்கிறது. 'கம்போங் பாய்' புத்தகத்தில் ஈயம் தோண்டும் கப்பலை அவர் வரைந்திருக்கும் பக்கத்தைத் தாத்தாவிடம் காட்டச் சொல்லுங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர் எவரும் அந்தப் பக்கத்தைச் சும்மா கடந்து போகமாட்டார். தாத்தா தன் கதையைத் தொடங்கிவிடுவார், உங்கள் வேலை முடிந்தது.

'கம்போங் பாய்' மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். தமிழ் வகுப்பில் வேற்றுமொழிப் புத்தகமா என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். நம் பிள்ளை ஏழாவது ஆண்டில் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பெரும்பாலான பாடங்களை மலாயில் எதிர்கொள்ள வேண்டும். அதில் தடுமாறிப் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். மலாயை மகிழ்ச்சியோடு வாசித்துப் பழகிய பிள்ளை அந்த வாசலில் பயப்படாது. புத்தகம் மலாயில் இருக்கட்டும், அதைப் பற்றிப் பேசுவது தமிழில் இருக்கட்டும். முதலைகளை வரிசையாக நிற்கச் சொல்லி எண்ணுவதுபோல் ஆற்றைக் கடந்துவிடும் சாங் கஞ்சில் என்ற சருகுமான் கதையை ஒரு வாரம் வாசியுங்கள். அடுத்த வாரம் பஞ்சதந்திரத்தில் முதலையை ஏமாற்றும் குரங்கின் கதை. எந்த முதலை அதிக முட்டாள் என்று கேளுங்கள். மண்டபமே கத்தும்.

7. படக்கதையைப் பிடுங்காதீர்கள்.

1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். அந்தச் சிவகாசிப் புத்தகங்களையும், 1947 முதல் வந்த 'அம்புலிமாமா'வையும் கிழியக் கிழியக் கைமாற்றி வாசித்த தலைமுறையிலிருந்துதான் நம் நாட்டு வாசகர்கள் பலர் வந்தார்கள். வாண்டுமாமா படக்கதை எழுதினார், அறிவியல் எழுதினார், நாவல் எழுதினார், பிள்ளைகளுக்காகவே நிறைய எழுதினார். படக்கதை வாசிப்பவன் வாசிக்கிறான். அதற்கு மேல் இதில் விவாதம் வேண்டாம்.

8. பயிற்சிப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிறந்தநாளுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பயிற்சிப் புத்தகத்தைச் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் போகவில்லை. பெற்றோர் அன்போடுதான் வாங்குகிறார்கள், எனக்குத் தெரியும். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பைக் குறை சொல்லாமல், ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினால் கூடவே ஒரு கதைப் புத்தகமும் வாங்குங்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

இதே காரணத்துக்காக, வாசித்ததும் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். பள்ளியில் நீலாம் திட்டத்துக்காக எத்தனை புத்தகம் வாசித்தோம் என்று பிள்ளைகள் ஏற்கெனவே எழுதித் தருகிறார்கள். உங்கள் மண்டபத்தில் அவர்கள் எழுத வேண்டிய தாள் எதுவும் இருக்கக்கூடாது. பிடித்ததா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதியில் வைத்துவிடும் உரிமை பெரியவர்களுக்கு இருப்பதுபோலப் பிள்ளைகளுக்கும் உண்டு.

9. சொல் விளையாட்டை நீங்களே செய்யுங்கள்.

ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்த விளையாட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் சிக்கும். 247 எழுத்துக்கும் காய் செய்ய முடியாது. இப்படிச் செய்யுங்கள்: பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி, பதினெட்டு மெய்யையும் ஒரு நிறத்தில் எழுதுங்கள், பன்னிரண்டு உயிரையும் வேறு நிறத்தில் எழுதுங்கள். மொத்தம் முப்பது அட்டை. ஒரு பிள்ளை மெய் எடுக்கட்டும், இன்னொரு பிள்ளை உயிர் எடுக்கட்டும். இரண்டும் சேர்ந்து என்ன எழுத்தாகிறதோ அந்த எழுத்து வரும் சொல்லைச் சொல்ல வேண்டும். ம், ஆ வந்தால் மாடு, மாமா, மாங்காய் என்று கொட்டும். ழ், ற் போன்றவை சொல்லின் முதலில் வருவதில்லை, அதனால் சொல்லில் எங்கே வந்தாலும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ங் வந்தால் பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. மறுபடி எடுக்க வேண்டியதுதான், அதுவும் ஒரு கொண்டாட்டம்.

எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளை இதில் இரண்டே வாரத்தில் உயிர்மெய்யைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாட்டி, தாத்தா வாயிலிருந்து தோட்டத்துச் சொற்கள் வரும்: பெரட்டு, மங்கு, ஆயாக்கொட்டகை, வெளிக்காடு. அந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மண்டபச் சுவரில் ஒட்டுங்கள்.

10. வளர்ந்த பிள்ளைகளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பதின்மூன்று வயதில் நம் வாசகர்களில் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள். பள்ளி மாறுகிறது, தமிழ்ப் பாடம் வாரத்தில் சில வேளைகளுக்குச் சுருங்குகிறது, சில பள்ளிகளில் அதுவும் இல்லை. அவர்களை உதவியாளர்களாக வரச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். கூடவே அவர்களுக்கு என்று கனமான புத்தகங்களை வையுங்கள்.

ஜப்பானில் தெத்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சிறுமியை, இரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக்கிய இன்னொரு பள்ளி சேர்த்துக்கொள்கிறது. அதன் தலைமையாசிரியர் முதல் நாள் அவள் சொன்னதையெல்லாம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாராம். பள்ளியைப் பிடிக்காத பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான புத்தகம் எனக்குத் தெரியாது. க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரச'னைப் பதினைந்து வயதில் ஒருமுறை, பிறகு பெரியவர்களானதும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

பிறகு நம் வரலாறு. அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' தோட்டத் துண்டாடலின் காலத்தைச் சொல்கிறது. ஜப்பானியர் காலத்தில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அதைச் சொல்லும் நாவல்கள். நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, உங்கள் வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்தப் பேச்சு எடுக்கப்பட்டதே இல்லை. பிள்ளை புத்தகத்தோடு போய்க் கேட்டால் பெரியவர்கள் வாய் திறப்பார்கள்.

முடிந்தால் ஒரு நாள் கோலாகங்சாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிறது. அதன் கீழே நிற்க வைத்து, நம் மூதாதையர் ஏன் கப்பல் ஏறினார்கள் என்ற கதையைச் சொல்லுங்கள். போகும்போதும் வரும்போதும் கொறிக்கப் புந்தோங் கச்சாங் பூத்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

11. பணத்துக்குப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்காதீர்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளிகளிடமே போனார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, பால்வெட்டுத் தொழிலாளிகள் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தத் தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்க நமக்குள் பணம் சேராதா? ஒரு வரிசை வீடுகள் ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி போட்டால் ஆண்டு முடிவில் ஒரு பெட்டி நிறையும். தன் காசு போன புத்தகத்தை வீடு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும், பிள்ளை வாசிக்கிறதா என்றும் கேட்கும்.

கட்டடம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மன்னார்குடியில் 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார், நூலக அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் அதைத் தொடங்கி வைத்தார். தோக்கியோவில் இஷீ மொமோக்கோ என்ற எழுத்தாளர் 1958இல் தன் வீட்டின் ஓர் அறையையே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நூலகமாகத் திறந்துவிட்டார். அதைப் பார்த்து ஜப்பான் முழுவதும் அம்மாக்கள் தங்கள் வீட்டைத் திறந்தார்கள். உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு மோட்டார்சைக்கிளும் போதும். ஒரு மாதம் ஒரு வீட்டில் பெட்டி, அடுத்த மாதம் பக்கத்துத் தாமானில். ஈப்போவில் இருப்பவர்கள் துன் ரசாக் நூலகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய், கூச்சமில்லாமல் உள்ளே நுழையப் பழக்குங்கள்.

12. கிழிந்த புத்தகத்துக்குத் தண்டம் போடாதீர்கள்.

தண்டம் போட்ட வீடு அடுத்த முறை கதவைத் திறக்காது. ஒட்டுநாடா வாங்கி வையுங்கள், மாதக் கடைசியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டுங்கள். தொலைந்ததைத் தொலைந்ததாக எழுதிக்கொள்ளுங்கள். அதிகமாகக் கிழிந்தது எதுவோ அதில் இன்னொரு பிரதி வாங்குங்கள், அதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த புத்தகம்.

13. முதல் பெட்டிக்கு.

கேட்ட பட்டியல் இதோ. பாடல் புத்தகம் இரண்டு. நீங்களே அச்செடுத்துத் தைத்த படக்கதைகள் பத்துப் பன்னிரண்டு, அவற்றில் பாதி முதல் படிநிலையில் இருக்கட்டும். பஞ்சதந்திரம் ஒன்று, சாங் கஞ்சில் ஒன்று. 'கம்போங் பாய்' மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பாலமுருகனின் மர்மக் கதை, காமிக்ஸ் மூன்று நான்கு. 'டோட்டோ-சான்'. அம்மாக்களுக்கு என்று தனியாகத் துணிப் பையில் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பெரிய பிள்ளைகளுக்கு 'சயாம் மரண ரயில்'. முட்டை அட்டைப் பல்லாங்குழி இரண்டு, புளியங்கொட்டை ஒரு டப்பா, முப்பது எழுத்து அட்டை, சுண்ணக்கட்டி, ஐந்து கல் பைகள். பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டு. அந்த நோட்டில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், வீட்டில் கூட வாசிப்பவர் யார் என்று எழுதவும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி, அக்காள், பக்கத்து வீட்டு மாமா, யாராக இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த வாரப் புத்தகத்தை அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.